ஆப்டோமெட்ரி படிக்கலாமா? பீனிக்ஸ் தங்கைக்கு ஒரு பதில்

கேள்வி:

"அக்கா, நான் டர்பனுக்குப் பக்கத்தில் பீனிக்ஸில் இருக்கிறேன். இப்போது கிரேட் 11. கணக்கில் 67, பிசிக்கல் சயன்ஸில் 63, லைஃப் சயன்ஸில் 74. டாக்டருக்கு இந்த மார்க் போதாது, ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்பு, பார் என்று டீச்சர் சொல்கிறார். 'நாலு வருஷம் படிச்சிட்டுக் கண்ணாடிக் கடையில நிக்கவா?' என்று அத்தை கேட்கிறார். அப்பாவுக்குச் செலவை நினைத்துக் கவலை. இந்தியாவில் படித்தால் மலிவு என்று மாமா ஒருவர் சொல்கிறார். எங்கள் ஆயாவுக்குச் சர்க்கரையால் ஒரு கண் போய்விட்டது, அதிலிருந்துதான் எனக்கு இந்த எண்ணமே வந்தது. படிக்கலாமா? படித்தால் வேலை இருக்கிறதா?"

பதில்:

தங்கச்சி, படிக்கலாம். மார்க்கைப் பார்த்து இதைச் சொல்லவில்லை, ஆயாவைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு வரியைப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் முதலில் உன் அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை யோசிக்காமலே சேர்ந்துவிட்டு, வேலைக்குப் போன பிறகு 'இதற்காகவா படித்தேன்' என்று முகம் சுருங்கிப் போன பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே பலர்.

அத்தை சொல்வது பாதி உண்மை. தென்னாப்பிரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்டுகளில் பெரும்பாலோர் தனியாரிடம்தான் வேலை செய்கிறார்கள், அந்த இடம் ஒரே கூரைக்குக் கீழே பரிசோதனை அறையாகவும் கடையாகவும் இருக்கிறது. முன்னால் ஃபிரேம் அடுக்கிய அலமாரிகள், பின்னால் இருட்டறை. கண்ணைப் பார்ப்பதற்கு வாங்குகிற கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாலில் வாடகை கட்டி, கருவிக்கு வாங்கிய கடனையும் அடைத்து, ஆட்களுக்குச் சம்பளமும் கொடுக்க முடியாது. ஃபிரேமும் லென்ஸும் விற்றால்தான் கதவு திறந்திருக்கும். மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் கண்ணாடிக்குப் பணம் கிடைக்கும், அதனால் "என் பணம் வந்துவிட்டதா பாருங்கள், வந்திருந்தால் புதுசு போட்டுவிடலாம்" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்களை நீ தினமும் பார்ப்பாய். அவர்களுக்குப் பழைய கண்ணாடியே இன்னும் சரியாக இருக்கும். அப்போது நீ என்ன சொல்லப் போகிறாய்?

இந்தத் தொழிலில் உன்னைச் சோதிக்கப் போவது அதுதான். உள்ளே இருட்டறையில் நீ எடுக்கிற முடிவை வெளியே இருக்கும் கல்லாப்பெட்டி தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு நெறிமுறை என்று ஒரு பாடம் இருக்கும், படித்துத் தேர்வும் எழுதுவாய், ஆனால் மாதக் கடைசியில் மேனேஜர் விற்பனைக் கணக்கை நீட்டும்போதுதான் அது என்னவென்று புரியும்.

உன் ஆயாவுக்கு வந்த நோயையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸில் நீர் கோத்துக்கொண்டு அதன் பவரே மாறிவிடும், பெரும்பாலும் கிட்டப்பார்வை பக்கமாகச் சாயும். தீபாவளி முடிந்த வாரங்களில் நம் ஆட்கள் வந்து "திடீர்னு தூரத்துல மங்கலா தெரியுது, கிட்ட படிக்கிறது மட்டும் முன்னைவிட நல்லா இருக்கு" என்பார்கள். அன்றைக்குப் பவர் எடுத்தால் ஏதோ ஒரு எண் வரும், அந்த எண்ணில் கண்ணாடியும் செய்து கொடுத்துவிடலாம், அவரும் போட்டுப் பார்த்துச் சந்தோஷமாகப் போவார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கியதும், சில வாரத்தில் கண் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், புதுக் கண்ணாடி எதற்கும் உதவாமல் டிராயருக்குள் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த மனிதருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று கண்டுபிடிக்கக் கிடைத்த நேரம் வீணாகிப்போனது. உண்மையான ஆப்டோமெட்ரிஸ்ட் அன்றைக்குக் கண்ணாடி எழுத மாட்டார். "ஐயா, முதலில் கிளினிக் போய் ரத்தம் பாருங்கள், சர்க்கரை சீரானதும் வாருங்கள், அப்புறம் பவர் பார்க்கலாம்" என்பார். கண்மணியை விரிக்கிற சொட்டு விட்டு விழித்திரையையும் பார்த்து அனுப்புவார். அன்றைக்கு விற்பனை இல்லை. உன் அத்தை சொல்கிற கடைக்காரருக்கும் நீ ஆக வேண்டிய ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விழித்திரையில் சர்க்கரை செய்கிற வேலை பொல்லாதது, ஏனென்றால் வலிக்காது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. சிறிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகி அங்கங்கே புடைக்கும், புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும், மஞ்சளாகக் கொழுப்பு படியும். நடுப்பகுதியில் நீர் கோக்கும்போதோ, புதிதாக முளைத்த குழாய் உடைந்து உள்ளே ரத்தம் கொட்டும்போதோதான் நோயாளிக்கே தெரியவரும். அதற்கு முன்பே கண்டுபிடித்தால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடுகிற ஊசி இருக்கிறது, சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் கொண்டுவந்தாலே பாதிக் காரியம் நடந்துவிடும். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பது உனக்குத் தெரிந்ததுதான், எந்த வீட்டில் இல்லை சொல். அதனால் சர்க்கரை இருக்கிறவர்கள் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். சரி, இங்கேயே ஒன்று கேட்டுவிடுகிறேன்: ஆயாவின் மற்ற கண்ணைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? ஒரு வருடம் தாண்டியிருந்தால் இந்தப் பதிலை மீதி படிப்பதற்கு முன்னால் வீட்டில் பேசி, மகாத்மா காந்தி மருத்துவமனைக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ அழைத்துப் போகிற நாளை முடிவு செய்துவிடு.

யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கண் டாக்டர், ஆப்டோமெட்ரிஸ்ட், ஆப்டிஷியன் மூன்று பேரையும் உன் வீட்டில் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கண் டாக்டர், அதாவது ஆஃப்தல்மாலஜிஸ்ட், முதலில் மருத்துவம் படித்தவர். இங்கே ஆறு வருடப் படிப்பு, இரண்டு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருடக் கட்டாயச் சேவை, அதற்குப் பிறகு இடம் கிடைத்தால் நான்கு வருடம் ரெஜிஸ்ட்ராராக, அதாவது சிறப்புப் பயிற்சி பெறுகிற டாக்டராக, கண் மட்டும். கண்புரை எடுப்பது, விழித்திரை அறுவை செய்வதெல்லாம் அவர்தான். ஆப்டோமெட்ரிஸ்டுக்கு நான்கு வருடப் பட்டம், அதை முடித்து, மருத்துவத் தொழில் செய்கிறவர்களைப் பதிவு செய்கிற கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏவில் பதிவு செய்தால் தனியாகவே நோயாளியைப் பார்க்கலாம். கண்ணாடி, காண்டாக்ட் லென்ஸ், நோயைக் கண்டுபிடிப்பது, கண்காணிப்பது, தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவது அவர் வேலை. மேற்கொண்டு தனியாகப் படித்துத் தகுதி வாங்கினால் சில கண் மருந்துகளையும் எழுதலாம். மூன்றாமவர் டிஸ்பென்சிங் ஆப்டிஷியன். எழுதிக் கொடுத்த பவரை வைத்துக்கொண்டு லென்ஸையும் ஃபிரேமையும் முகத்துக்குச் சரியாகப் பொருத்துகிறவர். அதுவும் படித்துப் பதிவு செய்து செய்கிற வேலைதான், கேப் டவுன் பக்கம் அதற்குப் படிப்பு இருக்கிறது.

இதில் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்துகொள். கத்தியைப் பிடித்து அறுவை செய்ய வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்றால் ஆப்டோமெட்ரி அங்கே கொண்டுபோய் விடாது. ஆப்டோமெட்ரி முடித்துவிட்டு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு, ஆனால் மறுபடியும் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், இடத்துக்கும் உத்தரவாதம் இல்லை. டாக்டர் சீட் கிடைக்காத துக்கத்தில் இங்கே வந்து உட்காருகிறவர்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் அந்தத் துக்கத்தைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், அவர்களிடம் வருகிற நோயாளிகளை நினைத்தால் கோபமாகவும் இருக்கும்.

இருட்டறைக்குள் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஒருவர் வந்து உட்காருகிறார். என்ன தொந்தரவு, என்ன வேலை, என்ன மாத்திரை, வீட்டில் யாருக்காவது க்ளாகோமா என்கிற கண் அழுத்த நோய் உண்டா என்று விசாரிப்பாய். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வாய். ரெட்டினோஸ்கோப் என்று ஒரு கைக்கருவி, அதன் வெளிச்சக் கீற்றைக் கண்மணிக்குள் விட்டு அசைத்தால் உள்ளேயிருந்து ஒரு சிவந்த வெளிச்சம் திரும்பி வரும். அது கீற்றோடு சேர்ந்து ஓடுகிறதா எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பார்த்து, லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து, அந்த ஓட்டம் நிற்கிற இடத்தைப் பிடித்துவிட்டால், நோயாளி ஒரு வார்த்தை பேசாமலே அவருடைய பவர் உனக்குத் தெரிந்துவிடும். பேசத் தெரியாத குழந்தைக்கு, பேச முடியாத முதியவருக்கு, உன் மொழி தெரியாதவருக்கு என்று எல்லோருக்கும் இது வேலை செய்யும். கம்ப்யூட்டர் மெஷின் வந்த பிறகு இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீ அப்படி இருக்காதே. அப்புறம் "ஒன்று தெளிவா, இரண்டு தெளிவா" என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்வது, ஸ்லிட் லாம்ப் என்கிற நுண்ணோக்கியில் கருவிழியையும் லென்ஸையும் பார்ப்பது, கண் அழுத்தம், விழித்திரை, பார்வை நரம்பு. முடித்து அனுப்பினால் அடுத்தவர் வந்து உட்காருவார். அதே கேள்விகள், அதே எழுத்துப் பலகை. சாயங்காலம் கடைசியாக வருகிறவரிடமும் காலையில் முதலில் வந்தவரிடம் காட்டிய பொறுமையோடு "ஒன்றா இரண்டா" என்று கேட்க உன்னால் முடியுமா? அவர் "இன்னொரு தடவை காட்டுங்க" என்றால் மறுபடியும் காட்ட முடியுமா? மார்க்கைவிட இதுதான் முக்கியம். நாள் முழுக்க அந்நியர்களின் முகத்துக்கு வெகு பக்கத்தில் முகம் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், அது சிலருக்கு ஒத்தே வராது.

கடை மட்டும் தெரிந்த ஆளிடம் மாட்டினால் கெட்டுப்போகிற இன்னொரு நோய் உண்டு, உன் வயதுப் பிள்ளைகளுக்கு வருவது என்பதால் சொல்கிறேன். கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னே தள்ளும். பெரும்பாலும் பள்ளிக் கடைசி வருடங்களிலோ இருபதுகளிலோ தெரியவரும், தெற்காசிய வம்சாவளியினரிடம் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறோம். அலர்ஜியில் அரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஒரு பையன் வருவான், போன வருடம்தான் கண்ணாடி மாற்றியிருப்பான், இந்த வருடம் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்கிற பவர், மறுபடியும் ஏறியிருக்கும், எந்த லென்ஸ் வைத்தாலும் கடைசி வரி முழுசாகத் தெளியாது. விற்கிறவருக்கு அது இன்னொரு ஜோடி கண்ணாடி. ரெட்டினோஸ்கோப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சிவந்த வெளிச்சம் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடுவது தெரியும், உடனே கருவிழியை வரைபடமாக எடுக்க அனுப்புவார். நேரத்தோடு பிடித்தால் வைட்டமின் பி2 சொட்டும் புறஊதாக் கதிரும் வைத்துச் செய்கிற கிராஸ் லிங்கிங் சிகிச்சையால் பெரும்பாலோருக்கு மேற்கொண்டு மோசமாகாமல் நிறுத்திவிடலாம். விட்டுவிட்டால் கடைசியில் கருவிழி மாற்று வரைக்கும் போகலாம்.

சரி, வேலை. வேலை இருக்கிறது, ஆனால் எல்லோரும் போக நினைக்கிற இடத்தில் குறைவு. டர்பன், ஜோகன்னஸ்பர்க் மால்களில் நெருக்கடி. அதே நேரம் சின்ன ஊர்களிலும் கிராமப் பக்கமும் ஒரு ஆப்டோமெட்ரிஸ்டைப் பார்க்க மக்கள் டாக்சி பிடித்து வெகு தூரம் போகிறார்கள். படிப்பு முடித்தவுடன் லேடிஸ்மித், நியூகாசில், போர்ட் ஷெப்ஸ்டன் மாதிரி ஊருக்குப் போய் இரண்டு மூன்று வருடம் வேலை செய்ய நீ தயார் என்றால் வேலைக்குக் கவலைப்பட வேண்டாம் என்பேன். நோயும் அங்கேதான் விதவிதமாக வரும், கை நன்றாகத் தேறும். இன்னொன்றையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு, தனியார் வேலையில் சனிக்கிழமை கட்டாயம், மாலில் இருந்தால் ஞாயிறும் முறை வைத்து வரும், டிசம்பரில் எல்லோரும் பீச்சுக்குப் போகும்போது நீ கடையில் இருப்பாய்.

அரசு வேலை பற்றி எனக்கு மனக்குறை உண்டு. டாக்டர், பல் டாக்டர், பார்மசிஸ்ட் போல ஒரு வருடக் கட்டாயச் சமூக சேவை ஆப்டோமெட்ரிஸ்டுக்கு இல்லை. அதனால் பட்டம் வாங்கிய கையோடு பெரும்பாலோர் தனியாருக்குப் போய்விடுகிறார்கள், அரசு மருத்துவமனைகளிலும் பணியிடங்கள் குறைவு. இந்த நாட்டில் பெரும்பாலான மக்கள் நம்பியிருப்பது அரசு கிளினிக்கைத்தான், அவர்களுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி கிடைப்பதே பெரிய காரியம். உலகம் முழுக்கவே கதை இதுதான். பார்வைக் குறை உள்ளவர்கள் குறைந்தது 220 கோடி பேர், அதில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 அறிக்கையில் சொன்னது. அந்தக் கணக்கில் வெறும் கண்ணாடி இல்லாததால் தெரியாமல் இருப்பவர்களும் சேர்த்தி. ஒரு மாணவன் கரும்பலகை தெரியாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்து மந்தம் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதைத் தடுக்க ஒரு மணி நேர வேலையும் இரண்டு லென்ஸும் போதும். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. உனக்கு வாய்ப்புக் கிடைத்தால் டர்பனில் ஆர்.கே. கான், மெக்கார்ட் கண் மருத்துவமனை மாதிரி அரசு இடங்களில் கொஞ்ச காலமாவது வேலை பார். மாணவியாக இருக்கும்போதே பெலோபெபா ரயிலில் போக இடம் கிடைத்தால் விடாதே. 1994 முதல் ஊர் ஊராகப் போய் நின்று மருத்துவம் பார்க்கிற ரயில் அது, அதன் கண் கிளினிக்கில் கடைசி வருட மாணவர்கள்தான் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். அங்கே கல்லாப்பெட்டியின் அழுத்தம் இல்லாமல் இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம், பிற்பாடு மாலுக்கே போனாலும் அது மனதில் நிற்கும்.

இசிஜூலு, அதாவது இங்குள்ள ஜூலு மக்களின் மொழி, கற்றுக்கொள். குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் எப்படியும் ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும், அதைத் தேர்வுக்கு மட்டும் படிக்காமல் நோயாளியிடம் பேசுகிற அளவுக்குக் கொண்டுவா. மொழிபெயர்க்க நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் "எப்போதிலிருந்து மங்கல்?" என்கிற ஒரு கேள்விக்குக்கூடச் சரியான பதில் கிடைக்காது.

எதிர்காலத்தில் இந்த வேலையே இருக்குமா, மெஷின் எல்லாம் செய்துவிடாதா என்று உன் வீட்டில் யாராவது கேட்பார்கள். பவர் எடுக்கிற வேலையில் ஒரு பகுதியை மெஷின் எடுத்துக்கொள்ளும், இப்போதே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பவர் எடுப்பதும் விற்பதும் மட்டும் தெரிந்தவர்கள் கஷ்டப்படுவார்கள். ஆனால் கண் பிரச்சினை குறையப்போவதில்லை. 2050 வாக்கில் உலக மக்களில் பாதிப்பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016இல் ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை வந்தது, அதை எழுதியவர்களில் ஒருவர் நம் டர்பன் ஆப்டோமெட்ரிஸ்ட் பேராசிரியர் கோவின் நாயுடு. பவர் மிக அதிகமானால் விழித்திரை கிழிவது, க்ளாகோமா எல்லாம் வரும் வாய்ப்புக் கூடும், அதனால் குழந்தைகளுக்குப் பவர் ஏறும் வேகத்தைக் குறைப்பதே இப்போது ஒரு தனி வேலையாகிவிட்டது. தினமும் வெளியே வெயில் வெளிச்சத்தில் விளையாட வைப்பது, அதற்கென்றே செய்த லென்ஸ்கள், மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு என்று வழிகள் இருக்கின்றன. பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு, பிறவியிலேயே நிறமி குறைந்த அல்பினிசம் உள்ள பிள்ளைகளுக்கு, உருப்பெருக்கியும் தொலைநோக்கியும் கொடுத்துப் படிக்க வைக்கிற பிரிவும் இருக்கிறது. அதில் வருமானம் குறைவு, ஆட்களும் குறைவு. உனக்கு மனம் அந்தப் பக்கம் போனால் நான் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன்.

உன் மார்க்குக்கு வருவோம். கணக்கு என்றால் கணக்கு, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தருகிற மேத்ஸ் லிட்டரசி செல்லாது, நீ சரியான பாடத்தில்தான் இருக்கிறாய். கணக்கும் பிசிக்கல் சயன்ஸும் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். குறைந்தபட்சத் தகுதி என்று கையேட்டில் போட்டிருப்பது விண்ணப்பிக்க மட்டும்தான், இடங்கள் கொஞ்சம் என்பதால் உண்மையில் சேருகிறவர்களின் மார்க் அதைவிட மேலே நிற்கும். இரண்டையும் எழுபதுக்கு மேலே கொண்டுவரப் பார். இந்தப் படிப்பில் பிசிக்ஸ்தான் முதல் இரண்டு வருடம் ஆளைக் கவிழ்க்கும். ஒளியியலில் உனக்குப் பிடிப்பு உண்டா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு தருகிறேன். லென்ஸின் பவர் என்பது குவியத் தூரத்தை மீட்டரில் வைத்து ஒன்றை அதால் வகுப்பது. அப்படியானால் மைனஸ் 2 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் வரைக்கும் தெளிவாகத் தெரியும்? அரை மீட்டர். இப்போது மைனஸ் 6 போட்டவரின் கண்ணாடியில் லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக இல்லாமல் அரை சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்திவிட்டார்கள் என்று வை. பவரையும் அந்தச் சென்டிமீட்டரையும் பெருக்கினால் 3 வரும், 3 ப்ரிஸம் அளவுக்குப் பார்வை இழுபடும், அவருக்குத் தலைவலி, 'கண்ணாடி சேரவில்லை' என்பார், பவர் மட்டும் சரியாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கைப் படித்ததும் 'அட, அப்படியா' என்று இன்னொன்று கேட்கத் தோன்றினால் உனக்கு இது ஒத்துவரும்.

படிக்கும் இடம். உனக்கு வெஸ்ட்வில் வளாகம்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் ஆப்டோமெட்ரி அங்கேதான் நடக்கிறது. நம் பெரியவர்கள் பலர் டர்பன் வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் என்று இருந்த காலத்தில் படித்த அதே இடம். பீனிக்ஸிலிருந்து தினமும் போய்வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். ஜோகன்னஸ்பர்க், ஃப்ரீ ஸ்டேட், லிம்போபோ பல்கலைக்கழகங்களிலும் இந்தப் பட்டம் உண்டு, அவற்றுக்கும் போட்டு வை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் மாணவர்களுக்கான அரசு நிதி உதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அது பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு தானாக வராது, தனியாகப் போட வேண்டும். மாகாண சுகாதாரத் துறை பர்சரியில், அதாவது படிப்பு உதவித்தொகையில், அந்த வருடம் ஆப்டோமெட்ரி இருக்கிறதா என்றும் விசாரி. அதில் படித்தால் பிறகு அரசு மருத்துவமனையில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். பலர் அதைச் சுமையாக நினைக்கிறார்கள், எனக்கு அது வரம் மாதிரி தெரிகிறது.

மாமா சொன்ன இந்தியா யோசனையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சென்னையில் சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி 1985இலிருந்து நடக்கிறது, மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் இன்று உலகமே வந்து பார்த்துக் கற்றுக்கொள்கிற இடம். அங்கே பார்க்கக் கிடைக்கிற நோயாளிகள் இங்கே இருப்பதைவிட மிக அதிகம் என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பி வந்தால் எச்பிசிஎஸ்ஏ உன் பாடத்திட்டத்தைப் பரிசீலித்து, தேர்வும் வைத்துத்தான் பதிவு கொடுக்கும். அதில் தேறும் வரைக்கும் இங்கே நோயாளியைத் தொட முடியாது. டிக்கெட், தங்குமிடம், அந்தக் காத்திருப்பு எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாமா சொன்ன மலிவு மிஞ்சுமா என்று அப்பாவைக் கணக்குப் போடச் சொல். என் யோசனை, பட்டத்தை இங்கே வாங்கு, பிறகு குறுகிய காலப் பயிற்சிக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போ. உனக்குத் தமிழ் தெரியும், அங்கே நோயாளியிடம் நேராகப் பேசிக் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த பள்ளி விடுமுறையில் இரண்டு இடத்துக்குப் போய் நின்று பார், ஒன்று தனியார் பிராக்டிஸ், இன்னொன்று அரசு மருத்துவமனைக் கண் கிளினிக். பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். தனியார் இடத்தில் ஆப்டோமெட்ரிஸ்டிடம், "கண்ணாடி தேவையில்லை என்று போன வாரம் யாரையாவது திருப்பி அனுப்பினீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பார். பதில் சொல்கிற விதத்திலேயே உனக்கு நிறையத் தெரியும். முடிந்தால் அத்தையையும் அரசு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ, வரிசையைப் பார்க்கட்டும்.

கிரேட் 11 முடிவு மார்க்கை வைத்துத்தான் முதல் சுற்றில் இடம் ஒதுக்குவார்கள் என்பதால் இந்த வருடக் கடைசித் தேர்வை மேட்ரிக், அதாவது கிரேட் 12 இறுதித் தேர்வு, மாதிரி நினைத்து எழுது. குவாசுலு நட்டாலுக்கு விண்ணப்பம் சிஏஓ என்கிற பொது விண்ணப்ப அலுவலகம் மூலமாகத்தான், கிரேட் 12 தொடங்கியதும் அந்தக் கையேட்டை எடுத்துத் தேதிகளைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டு. கடைசி நாள் வரைக்கும் இழுத்தால் கட்டணமும் கூடும், இடமும் போய்விடும். விண்ணப்பத்தில் ஆப்டோமெட்ரியை முதல் தேர்வாகப் போடு, மூன்றாவதாக நான்காவதாகப் போட்டுவிட்டு அழைப்புக்குக் காத்திருக்காதே. ரெட்டினோஸ்கோப் பிடித்துப் பார்க்க ஆசை இருந்தால் சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு அப்பாவோடு என் இடத்துக்கு வா, காட்டுகிறேன்.